பொய்ச்சோறு சொர்ணம்

அம்மாவின் உச்சந்தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி கிடையாது. சும்மாடு வைத்து வைத்துத் தேய்ந்த இடம். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தலை வாரிவிட்டபோது அந்த இடத்தில் சீப்பு வழுக்கியது. அவள் பிழைக்கமாட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 

மஞ்சள் காமாலை. சித்தாளாகச் சாரத்தில் ஏறி இறங்கியவள் உயரத்திலிருந்து விழாமல், கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இதை ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் வகுப்பு வாசலில் யாராவது வந்து நின்றால் எனக்குத்தான் செய்தி என்று நினைப்பேன். அந்தச் செய்தி வரவே இல்லை.

அவள் பெயர் சொர்ணம். அடையாற்றுக் கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் மேற்கே எங்கள் குடிசை. அப்பா பெயர் மண்ணாங்கட்டி, கைரிக்‌ஷா இழுத்தவர். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார். அது அறுபத்தேழு. அந்த வருஷமே அம்மா கலவை சுமக்கப் போனாள். அப்போது மெட்ராஸில் உயரம் என்றால் மவுண்ட் ரோட்டின் பதினாலு மாடிக் கட்டடம்தான். பாலத்தில் நின்று பார்த்தால் தென்னந்தலைகளுக்கு மேல் அது ஒன்று மட்டும் தெரியும்.

பிறகு தியாகராய நகரில் ஓட்டு வீடுகள் இடிந்தன. தெற்கேயிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர்கள் மாடிமேல் மாடியாக எழுப்பினார்கள். அபிராமபுரத்தில் மாமரத்தோடு நின்ற பங்களாக்கள் அடுக்கு வீடுகளாக மாறத் தொடங்கின. ஒரு கட்டடம் முடிந்ததும் அம்மா அடுத்ததற்குப் போவாள். முடிந்த கட்டடத்துக்குள் மறுபடி அவளை விடமாட்டார்கள். அதனால் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் காட்டுவாள்.

“தோ கீது பாரு பாப்பா, பச்ச பெய்ண்ட் அடிச்சது. அது மொத்தமும் என் தலை மேல ஏறிப் போனது.”

“அப்போ வாடகை கேக்கறதுதானே ஆயா?” என்றார் ஒருமுறை கண்டக்டர்.

“ஆயாவா? கலவைச் சட்டியத் தூக்கி ஒன் தலைல வெச்சா நீ தாத்தா ஆயிடுவ.”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும்தான்.

தங்கவேல் மேஸ்திரி என்று ஒருவர் அவளைப் பல வருஷமாக வேலைக்குக் கூப்பிட்டவர். அவளுக்குச் சுமையோடு இன்னொரு வேலையும் அவர் கொடுத்தார்: தண்ணி கட்டுவது. தளத்துக்குக் கான்கிரீட் போட்டதும் அது காய்ந்துபோகக் கூடாது. தளத்தின் மேல் மண்ணால் சின்னச் சின்ன வரப்பு பிடித்து, வயலில் போல நீர் தேக்கிவைப்பார்கள். நீர் குடித்துத்தான் அது இறுகும். அதுவரை கீழிருந்து சவுக்குக் கட்டைகள் அதைத் தாங்கி நிற்கும். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஓர் ஆப்பு. எனக்கு இதையெல்லாம் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினதே இல்லை. ஆனாலும் தளத்தைப் பாத்தி என்றுதான் சொல்வாள்.

எழுபத்தாறில் ஆற்றை ஒட்டி ஒரு எட்டு மாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. பகலில் தண்ணி கட்டவும், வேலை முடிந்ததும் காவல் இருக்கவும் அம்மாவை அங்கேயே தங்கச் சொன்னார் மேஸ்திரி. நான் அந்த வருஷம்தான் தரமணியில் பெண்கள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தேன். ஹாஸ்டலில் இருந்தேன். ஆகவே கார்த்திகையில் வெள்ளம் வந்தபோது நான் பக்கத்தில் இல்லை. அம்மாவும் முனியம்மாளும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

முனியம்மாள் எங்களுக்குப் பக்கத்துக் குடிசை. ஊரூர் குப்பத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பாள். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

மாலையில் ஆறு கரை ஏறியது. குடிசைக்காரர்கள் மூட்டையும் பிள்ளைகளுமாகக் கட்டடத்துக்கு ஓடிவந்தார்கள். யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது மேஸ்திரியின் கட்டளை. அம்மா கதவைத் திறந்துவிட்டாள். தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். முதல் மாடியில் ஆண்கள் நின்றுகொண்டார்கள். இரண்டாவது மாடி முழுக்கச் சிமெண்ட் மூட்டை. பெண்களும் பிள்ளைகளும் மூன்றாவது மாடிக்கு ஏறினார்கள். அதற்கு மேலே இருந்த தளம் அந்த வாரம்தான் போட்டது. கீழே சவுக்குக் கட்டைகள் தோப்பு மாதிரி நெருக்கமாக நின்றன. அவற்றுக்கு நடுவில் துணி விரித்துப் படுத்தார்கள்.

விடிந்தும் மழை நிற்கவில்லை. பிள்ளைகள் பசிக்கு அழுதன. முனியம்மாள் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தாள். மும்மூன்று செங்கல் வைத்து அங்கங்கே அடுப்பு கூட்டினார்கள். விறகு?

மூலையில் வெட்டிப்போட்ட துண்டுக் கட்டைகளை அம்மா காட்டினாள். காட்டிவிட்டு, சிமெண்ட் மூட்டைகள் நனையாமல் சாக்குப் போர்த்துவதற்காக இரண்டாவது மாடிக்கு இறங்கிவிட்டாள்.

துண்டுகள் சீக்கிரம் தீர்ந்தன. கஞ்சி இன்னும் கொதிக்கவில்லை. முனியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஆற்றங்கரையில் பிறந்தவளுக்குச் சவுக்கு என்றால் அடுப்புதான்.

“இத்தினி கட்ட சும்மா நின்னுகினு கீது. நாலு போனா இன்னா?” என்று ஒரு கட்டையின் ஆப்பை உதைத்தாள். கட்டை தளர்ந்து கைக்கு வந்தது. அதைப் பார்த்து அடுத்த அடுப்புக்காரி, பிறகு அதற்கடுத்தவள். எல்லோரும் நடுவிலிருந்தே எடுத்தார்கள், பிள்ளைகள் படுக்கத் தாராளமாக இடம் கிடைக்கும் என்று.

அம்மா திரும்பி ஏறியபோது நடு அறை வெட்டவெளியாக இருந்தது. அடுப்புகள் நன்றாக எரிந்தன. சூட்டுக்காகப் பிள்ளைகள் அங்கேயே சுருண்டு படுத்திருந்தன. அம்மா மேலே பார்த்தாள். தளம் நடுவில் லேசாகத் தொய்ந்து வயிறு வைத்திருந்தது. அந்த வயிற்றின் குறுக்கே, கோடு போட்ட மாதிரி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியது. சொட்டினால் ஒழுக்கு. கோடாகச் சொட்டினால் விரிசல். மேலே அவளே கட்டிய பாத்திகளில் மழைநீர் நிரம்பி நின்றது.

கத்தியிருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கு ஓடியிருப்பார்கள். படிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. ஒரு பக்கம் திறந்த வெளி, ஈரம்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “கீய லாரி வந்துகீது. புளிசோறு பொட்லம் தராங்கோ.”

“மெய்யாலுமா யக்கா?” என்றாள் முனியம்மாள். “இங்க கஞ்சி கொதி வந்துடுச்சே.”

“கஞ்சிதான் வோணும்னா குந்திகினு குடி. பொட்லம் கொஞ்சந்தான் கீது. கொயந்தையோட வர்றவளுக்குத்தான் மொதல்ல. லைன்ல வரணுமாம். இடிச்சா லாரிய திருப்பிகினு போய்டுவானாம்.”

இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றி, ஒருவர்பின் ஒருவராக, சுவர்ப்பக்கமாகவே இறங்கினார்கள். இடித்தவளை மற்றவர்களே அதட்டினார்கள். நிறைமாதக்காரி ஒருத்தியால் வேகமாக நடக்க முடியவில்லை. அவள் கடைசிப் படி தாண்டும் வரை அம்மா தளத்தைப் பார்த்தபடியே மூன்றாவது மாடியில் நின்றாள். 

அப்போதும் அவள் இறங்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏணி வழியாக அந்தத் தளத்துக்கு மேலேயே போனாள். அடியில் உத்திரம் தாங்கி நிற்கும் கோட்டின் மேலேயே காலை வைத்து நடந்து, ஓரத்து வரப்புகளை உடைத்தாள். தேங்கியிருந்த நீர் நாலு பக்கமும் கொட்டியது. கீழே லாரியைத் தேடி முதல் மாடி ஓரத்தில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல்தான் கொட்டியது.

அம்மா இறங்கி வந்தாள்.

“எங்கடி லாரி?” என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

“போய்டுச்சு.”

“வந்தாத்தான போறதுக்கு! பொய்ச்சோறு போட்டுத் தண்ணியும் ஊத்திட்டா பாரு, மவராசி!” என்றாள் முனியம்மாள். ஈரத் தலையோடு எல்லோரும் சிரித்தார்கள், திட்டினார்கள். மேலே கஞ்சி அடிபிடிக்கும் வாசனை வந்தது. அம்மா மண்வெட்டியைக் குறுக்கே பிடித்துப் படியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தரையும் ஏற விடவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து ஆற்றங்கரையில் அவள் பொய்ச்சோறு சொர்ணம்.

தளம் விழவில்லை. தண்ணீர் வடிந்தபின் தங்கவேல் மேஸ்திரி வந்தார். மூன்றாவது மாடியில் நின்று நடுவெளியைப் பார்த்தார்.

“கட்டையெல்லாம் எங்க சொர்ணம்?”

“ஆத்துத் தண்ணி அடிச்சிகினு போச்சு மேஸ்திரி.”

“மூணாவது மாடிக்கு ஆறு வந்துச்சா?”

“வந்துச்சு. நீதான் இல்ல.”

மேஸ்திரி காலடியில் கிடந்த சாம்பலைப் பார்த்தார். கருகிய செங்கற்களைப் பார்த்தார். மேலே வயிறு வைத்த தளத்தையும் பார்த்தார். “பொல்லாத ஆறுதான். கஞ்சி காய்ச்சிட்டுப் போயிருக்கு” என்றார். முதலாளியிடம் மழையில் தளம் கெட்டுவிட்டது என்று சொல்லி, அந்தப் பகுதியை உடைத்து மறுபடி போட வைத்தார். அம்மாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதற்காக அவரை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

உண்மையை அம்மா எனக்கு மட்டும் சொன்னாள். மற்றவர்களுக்குச் சொன்னால் முதல் கட்டையைப் பிடுங்கியது யார் என்று கேட்பார்கள். முனியம்மாளின் பிள்ளைகளும் அங்கேதான் படுத்திருந்தன. “அந்த நெனப்போட அவ மீன் விக்கப் போவாளா? வுடு. நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன்” என்றாள். ஆனால் ஒரு கேள்வி அவளை விடவில்லை. ஒருவேளை தளம் தானாகவே நின்றிருக்குமோ? ஒன்றுமில்லாததற்கு ஊரையே மழைத் தண்ணீரில் நனைத்துவிட்டோமோ?

டிப்ளமா முடித்த அன்று சர்டிபிகேட்டை அவள் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இப்போ சொல்லு. அது வுயுந்திருக்குமா, வுயுந்திருக்காதா?”

அறையின் அகலத்தைக் கால் வைத்து அளந்தது போலச் சொன்னாள். கம்பியின் கனத்தை விரலால் காட்டினாள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இறுகாத கான்கிரீட், நடுவில் முட்டு இல்லை, மேலே தேங்கிய நீர். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது.

“தண்ணி அப்படியே நின்னிருந்தா மத்தியானத்துக்குள்ள விழுந்திருக்கும்மா.”

“அப்பாடா” என்றாள். ஒரு தளம் விழுந்திருக்கும் என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அந்த வருஷ முடிவில் போய்விட்டாள்.

காரியத்தன்று முனியம்மாள் வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே இடம் கொடுத்திருந்தார்கள். பஸ் மாறி மாறி வந்தாள். இலையில் உட்கார்ந்தவள் சோற்றில் கை வைக்கவில்லை.

“இன்னா அத்தே, பொய்ச்சோறு இல்ல, நெசமான சோறுதான், சாப்டு” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நீ கட்டடம் படிச்சவதான? ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு ஒங்கம்மா மேல ஏறினப்ப நான் பின்னாலயே கஞ்சிப் பானைய எடுக்க வந்தேன். மேல பாத்தேன். தளம் வயிறு இறங்கி நின்னுகினு இருந்துச்சு. சத்தங்காட்டாம கீய எறங்கிட்டேன். மொதக் கட்டைய புடுங்கினது நாந்தான். அவ ஒரு நாளும் அத வாயத் தொறந்து சொல்லல. நானும் கேக்கல. லாரி வரலியேன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சா எவளும் ஏன்னு கேக்கமாட்டா பாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அது வுயுந்திருக்குமா பாப்பா?”

அம்மாவுக்குச் சொன்ன விடையையே சொன்னேன். கூடவே ஒன்று சொன்னேன்: “கீழ யாரும் இல்லாம வெறும் தளம்தான் விழுந்திருக்கும் அத்தே. எல்லாரும் எறங்கிட்டீங்களே.”

முனியம்மாள் இலையை முன்னால் இழுத்துச் சோற்றில் கை வைத்தாள். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, நாலு தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

“யோவ், இந்தப் பக்கம் வா. கொயம்ப ஊத்து.”