நடுவில் யாருமில்லை என்றார்கள்

நம்ப வைத்துக் கழுத்தறுத்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு கணினித் திரைதான் ஞாபகத்துக்கு வருகிறது. மேலே தேசியக்கொடி, கீழே நீல நிறத்தில் ஒரு பெட்டி. ‘உங்கள் குறைகளை நேரடியாக அரசாங்கத்துக்குச் சொல்லுங்கள்’ என்று அதில் ஒரு வரி. அந்த வரியை நான் நம்பினேன். நான் நம்பித் தொலைத்தது என் பாடு. இன்னொருத்தியையும் நம்ப வைத்தேனே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

எங்களுடையது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பதுளைக்குப் போய் ஆறு மாதம் கணினியும் படித்துவிட்டு, தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தோட்டத்தில் மூடிக்கிடந்த கூட்டுறவுக் கடைக்கு வெள்ளையடித்து, நாலு கணினி வைத்து, இணைய நிலையம் என்று பலகை மாட்டினார்கள். கட்டடம் தோட்டத்துடையது, கணினி அரசாங்கத்துடையது, பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர். மகள் மலையேறிக் கொழுந்து பறிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று லுணுகலைக் கடைத்தெருவில் காண்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழர்தான். நல்ல சட்டை, நல்ல குரல். "சங்கத் தலைவர் பின்னால, தோட்டத்துக் கிளாக்கர் பின்னால நீங்க இனிமே அலைய வேண்டியதில்ல. உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல இனி யாருமே இல்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் நிறுத்திய பிறகும் நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பக்கம் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணையம் அது. மழை தூறினால் போச்சு. தமிழ் என்று இருந்த பொத்தானை அழுத்தினால் கட்டம் கட்டமாக வரும், ஒரு எழுத்தும் தெரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். பரீட்சை முடிவு பார்க்க ஆள் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரனின் படம் பார்க்க ஆள் வந்தது. அரசாங்கத்துக்கு எழுத மட்டும் யாரும் வரவில்லை. நமக்கென்ன பைத்தியமா என்று இருந்திருப்பார்கள். அவர்கள்தான் புத்திசாலிகள்.

கடைசியில் ஒரு அக்கா வந்தார். மேல் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், இருந்தவர். புருஷன் கொழும்பில் கடை வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், இவர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கொழுந்துக்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"புள்ள, இதுல எழுதுனா நெசமாவே கொழும்புக்குப் போகுமா?"

"போகும்க்கா. உக்காருங்க."

"எங்க காம்பரா பின் சொவரு வெடிச்சிருக்கு. கையே உள்ள போகுது. பின்னால மேட்டுல இருந்து மண்ணு வேற எறங்குது. தலைவர்கிட்ட சொன்னேன், பாப்போம்னாரு. கிளாக்கர்கிட்ட சொன்னேன், அவரும் பாப்போம்னாரு. மழைக்கு முன்னாடி எங்கள மாத்தணும் புள்ள. கீழ பழைய புள்ளக்காம்பரா சும்மாதானே கெடக்குது?"

தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடத்தைத்தான் புள்ளக்காம்பரா என்போம். புதிது கட்டிய பிறகு பழையது பூட்டிக் கிடந்தது. சமதரையில், கல் சுவரோடு. மேட்டை ஒட்டிய கடைசி மூன்று காம்பராக்காரர்களையும் மழைக்கு முன்னால் அங்கே மாற்ற வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

அரை நாள் எடுத்து எழுதினேன். கடைசியில் பெயர், விலாசம் என்று இரண்டு பெட்டிகள் வந்தன. பதில் தபாலில் வருமாம். இங்கேதான் நான் கெடுத்தேன்.

எங்கள் லயத்தில் யாருக்கும் சொந்த விலாசம் கிடையாது. எந்தக் கடிதமும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். கிளாக்கர் அதைப் பிரித்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதால் பெயருக்குக் கீழே லயத்து இலக்கம், காம்பரா இலக்கம், வேலைப் பதிவு இலக்கம் எல்லாம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் ஊர் சுற்றும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். அந்தப் பெட்டியிலும் அப்படியே எழுதினேன். ஒரு இலக்கம்கூட விடவில்லை.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையை நினைத்து அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கினார். "தொரைக்குத் தெரிஞ்சிறாதே?"

அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "ஒங்க பேரு விபரமெல்லாம் ரகசியமா வச்சிக்குவாங்களாம்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

முறைப்பாட்டு இலக்கம் என்று ஒன்று வந்தது. துண்டுக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அதை வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்ததாக அடுத்த நாள் வந்து சொன்னார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. அக்காவுக்கு அல்ல, துரைக்கு. நான் எழுதியதை வரிக்கு வரி அச்செடுத்து, பெயரும் இலக்கமும் அப்படியே இருக்க, இதை விசாரித்து அறிக்கை தரவும் என்று ஒரு துண்டு வைத்து, கொழும்பிலிருந்து தோட்டத்துக்கே அனுப்பியிருந்தார்கள். பாவிகள். யாரைப் பற்றி முறைப்பாடோ அந்த ஆளின் கையிலேயே. பெரிய கிளாக்கர் அதைப் பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் தமிழ்ப்படுத்தி வாசித்தாராம். "நம்ம தோட்டத்துல இப்ப கொழும்புக்கே எழுதுறாங்கப்பா" என்று ஒரு சிரிப்பு வேறு.

துரை நேரில் வந்து பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை. அக்காவின் புருஷன் லீவில் வந்தபோது பின்பக்கம் தகரம் போட்டு சமைப்பதற்காக இறக்கியிருந்த சின்னக் குசினியைத்தான் பார்த்தார். அனுமதி இல்லாமல் கட்டியதால்தான் சுவர் வெடித்ததாம், உடனே உடைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் பிள்ளைகளும் தாங்களே அதை உடைத்துத் தகரத்தை அடுக்கி வைத்தார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறு கிழமை பெரிய கிளாக்கர் நிலையத்துக்கு வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தார். தோட்டத்து அறிக்கையையும் அதே பக்கம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று கொழும்பில் கேட்டிருந்தார்களாம். ஆபிசில் அப்போது இணையம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்தது என்னுடைய நாலு கணினிகள்தான்.

வாசித்தேன். பரிசோதிக்கப்பட்டது, ஆபத்து ஏதுமில்லை, முறைப்பாட்டாளர் தன் தவறை ஏற்றுக்கொண்டு திருப்தி தெரிவித்தார்.

"அந்தக்கா அப்புடிச் சொல்லலையே ஐயா" என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. நிலையத்தின் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். "கட்டடம் தோட்டத்துதுதானே தங்கச்சி? ஒங்கப்பாவுக்கு இன்னும் எத்தன வருஷம் சர்விஸ் இருக்கு?"

அடித்தேன். அவருடைய இங்கிலீஷில் இருந்த இரண்டு பிழைகளையும் திருத்தியே அடித்தேன், பழக்கதோஷம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும் அக்காவின் இலக்கத்துக்கு எதிரே பச்சை நிறம் வந்தது. தீர்க்கப்பட்டது, உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்றது. அந்த நன்றியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த நல்ல சட்டைக்காரர் மட்டும் அப்போது முன்னால் நின்றிருந்தால், நடுவில் யாருமில்லை என்றீர்களே ஐயா, நான் இருக்கிறேனே என்று கேட்டிருப்பேன். போகும்போதும் என் கைதான், வரும்போதும் என் கைதான்.

லயத்தில் நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று பேச்சு. அக்காதான் எனக்காகச் சண்டை போட்டார். "அந்தப் புள்ள என்னா செய்யும், பாவம்" என்றாராம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்து, "பதில் வந்திருச்சா புள்ள?" என்பார். "இன்னும் வரலக்கா" என்பேன். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன்.

ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. அக்கா மலையில் இருந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கட்டில் மட்டத்துக்கு மண் ஏறியிருந்தது. மறுநாள், அவர்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார். கையில் அந்தத் துண்டு, நனைந்து ஒட்டிப்போய்.

"நம்பர் அழியல பாரு. சொவரு விழுந்திருச்சுன்னு எழுது புள்ள. இப்ப நம்புவாங்கல்ல?"

இலக்கத்தை அடித்தேன். பக்கம் மெதுவாகத் திறந்தது. அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பச்சையா இருக்கே, நல்ல சேதியா?"

தீர்ந்த முறைப்பாட்டில் மேலும் எழுத முடியாது என்று இருந்தது. அதையே சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லக்கா. முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. நீங்க திருப்தின்னு சொன்னீங்களாம்."

"நான் எப்ப சொன்னேன்? யாரு அப்புடி எழுதுனது?"

"கிளாக்கர் எழுதிக் குடுத்தாரு. அடிச்சு அனுப்புனது நாந்தான்."

துண்டை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் பதுளையில் இருக்கிறேன். தமிழ் எழுத்தும் ஒழுங்காகத் தெரிகிற போனில் மாதத்துக்கு ஒரு செய்தி வருகிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், நேரடியாகச் சொல்லுங்கள் என்று. விலாசப் பெட்டி வந்ததும் மூடிவிடுகிறேன்.

சுவர் விழுந்த அந்தக் கிழமையே அக்கா தோட்டத்தை விட்டுப் போனார். ஹாலிஎலயில் தங்கச்சி வீட்டுக்கு என்று கேள்விப்பட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினேன். பிடிக்க விட்டார்.

"அக்கா, அங்க விலாசம் என்னா? எழுதுறேன்" என்றேன்.

படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எதுக்கு புள்ள எங்க விலாசம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.