நடக்கிற பொடுகு

அந்தத் தெருவில் முடி வெட்டுகிறவருக்குப் ‘பொடுகு டாக்டர்’ என்று பெயர். பட்டம் ஜனங்கள் கொடுத்தது, தலைக்கனம் அவரே சேர்த்துக்கொண்டது. யார் தலையானாலும் சீப்பை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, “பொடுகுதான், என்கிட்ட விட்டுடுங்க” என்பார். அப்பேர்ப்பட்டவரின் பூனைக்கே பொடுகு வந்தால் தெரு சும்மா இருக்குமா?

பூனைக்குப் பெயர் முதலாளி. காலையில் கடையின் காலி நாற்காலி எல்லாம் அதற்குத்தான். மத்தியானமானால் பின்கட்டு வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போய்விடும். அதன் கறுத்த முதுகு நெடுக வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. “முதல்ல சொந்த வீட்டுத் தலையைப் பாருங்க டாக்டரே” என்றார்கள் முடி வெட்ட வந்தவர்கள். ரோஷம் வந்துவிட்டது மனிதருக்கு. கடையில் இருந்த ஷாம்பூவையே போட்டுப் பூனையைக் குளிப்பாட்டினார். கை நிறையப் பிறாண்டல்தான் மிச்சம். தோல் காய்ந்து, அது முன்னைவிட அதிகமாகச் சொறிந்தது.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஞாயித்துக்கிழமை என் தம்பி வண்டியோட வர்றான். இது அவன் குடோன்ல எலி பிடிக்கட்டும். அரிப்புப் பிடிச்சதை வச்சுக்கிட்டு என்னால மல்லுக்கட்ட முடியாது.”

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளி இல்லாத கடையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கடைசியாக ஒன்று செய்தார். முடி வெட்டும்போது போர்த்துகிற கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி வாரினார். விழுந்த செதிலைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்று நகர்ந்தது. தன் மூச்சுக் காற்றோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னொன்றும் நடந்தது. தொழிலுக்கு வந்த நாள் முதலாய்க் கால் முளைத்த பொடுகை அவர் பார்த்ததில்லை.

பூனையைக் கூடையில் போட்டு, அதைப் பிடிக்க மனைவியையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

“இது பொடுகே இல்லைங்க, பூச்சி” என்று சிரித்தார் டாக்டரம்மா. “செதிலுக்கு அடியில நகருது, பார்க்கப் பொடுகே நடக்குற மாதிரி தெரியும். கழுத்துக்குப் பின்னால சொட்டு மருந்து விடறேன். அது படுக்குற துணியெல்லாம் வெந்நீர்ல துவைங்க. மனுஷ ஷாம்பூ, நாய் மருந்து ரெண்டும் கிட்டவே போகக்கூடாது. சரியாயிடும்.”

“எங்களுக்கு ஒட்டுமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“கட்டிப்பிடிச்சுத் தூங்குறவங்களுக்கு வயித்துல சிவப்பா தடிச்சு அரிக்கும். பூனைக்குச் சரியானா அதுவும் போயிடும். உங்களுக்கு இருக்கா?”

“எனக்கு அப்படி எதுவும் இல்லையே” என்றபடி அவர் திரும்பினார். வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

“மத்தியானம் அதுவா வந்து படுத்துக்குது. நான் என்ன பண்றது?” என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் பூனையைக் கூடையில் விடக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தால் சிரிப்பு வந்துவிடும். வீட்டுக்குத் திரும்பும் வழியில், மடியில் கூடையை வைத்துக்கொண்டு அவளே தம்பிக்கு போன் போட்டாள்.

“வண்டி வேண்டாம்டா. உன் குடோன் எலியை நீயே பிடிச்சுக்கோ.”