பார்பிக்யூவும் முதல் தண்ணீரும்

அயோனி ஒரு கைப்பிடி பிமென்டோவை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்கினாள். கலகலவென்றது, ஆனால் முழுச் சத்தமில்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய அந்த மசாலா மணிகளுக்குள் விதை இன்னும் தோலைவிட்டுப் பிரியவில்லை. இன்னொரு நல்ல வெயில் போதும். கையிலிருந்ததைக் களத்தில் உதறிவிட்டு, பலகையால் மறுபடி கிளறத் தொடங்கினாள்.

ஜமைக்காவின் மான்செஸ்டர் மலைகளில், வீட்டுக்கு முன்னால் சரிவாகப் போட்டிருக்கும் இந்தச் சிமென்ட் களத்துக்குத்தான் பார்பிக்யூ என்று பெயர். வெயிலில் பிமென்டோவும் காப்பிக்கொட்டையும் அதில் காயும். மழையில் அதன்மேல் விழும் தண்ணீர் சரிந்தோடி, ஓரத்துத் தொட்டிக்குள் இறங்கும். பக்கத்தில் ஆறும் கிடையாது, கிணறும் கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணீர்தான். ஒரே களத்துக்கு இரண்டு வேலை. இரண்டும் ஒருசேர நடக்காது.

அந்த வருஷம் மழை பொய்த்து, தொட்டிக்குள் இறக்கினால் வாளி தரையில் இடித்தது. தனக்கு மட்டும் என்றால் அயோனி சமாளித்திருப்பாள். கணவன் வின்ராய்க்கு ஈஸ்டர் சமயத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மாண்டவில் நகரத்து முதியோர் இல்லத்தில் பல வருஷம் ஆயாவாக இருந்தவள் அவள். படுத்த உடம்புக்கு மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்று தெரியும். ஆனாலும் இன்றைக்கு முகமும் அக்குளும், நாளைக்கு முதுகு என்று ஈரத்துணியால்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். நேற்று அவன் இடுப்பில் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. விரலால் அழுத்தினாள்; வெளுக்கவில்லை. கழுவாமலும் விரிப்பு மாற்றாமலும் விட்டால் அது படுக்கைப்புண்ணாகிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வின்ராயின் அக்கா மகள் ஜசிந்த், இங்கிலாந்தில் பர்மிங்காமில் டீச்சர், விடுமுறைக்கு வந்திருந்தாள். வரும்போதே மடக்கும் இரும்பு அடுப்பொன்றையும் கொண்டுவந்திருந்தாள்.

“மாமா, நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் எல்லாரையும் கூப்பிட்டு பார்பிக்யூ போடலாமா?”

“போடறதா? எங்க தாத்தா எப்பவோ போட்டுட்டாரு. அதுமேலதான் நிக்கற.” வராந்தா நாற்காலியில் இருந்த வின்ராய்க்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் நக்கல் இழுக்கவில்லை.

“ஐயோ, கோழி சுடறதைச் சொல்றேன்.”

“அதுக்கு இங்க ஜெர்க்குன்னு பேரு. பார்பிக்யூன்னா என்னன்னு உன் பிள்ளைங்களுக்கு என்னதான் சொல்லித்தர்ற?”

“இந்தத் தீவுல மொதல்ல இருந்த டாய்னோ ஜனங்களோட வார்த்தைன்னு சொல்லித்தர்றேன். நாலு கால் நட்டு, மேல குச்சி அடுக்கின பரண். அதுல மீன் வாட்டுவாங்க, சோளம் சேத்து வைப்பாங்க, அதுமேலயே படுத்தும் தூங்குவாங்க. அவங்ககிட்டருந்து ஸ்பெயின்காரன் எடுத்தான், அவன்கிட்டருந்து இங்கிலீஷ்காரன். கடைசில எங்களுக்கு மிஞ்சினது கோழி.”

“எங்களுக்கு சிமென்ட்டு. அப்போ படுக்கறது யாருக்குப் போச்சு?”

“உனக்குத்தான்,” என்றாள் அயோனி, கிளறுவதை நிறுத்தாமல். “நாள் பூரா அதைத்தானே பண்ற.”

வின்ராய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் காற்று மாறியிருந்தது. தெற்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் திரண்டுகொண்டிருந்தது.

அயோனி பலகையைக் கீழே போட்டாள். மற்ற நாளாக இருந்தால் மணிகளை நடுவில் குவித்துத் தார்ப்பாயால் மூடியிருப்பாள். இன்றைக்கு அது ஆகாது. பாய்க்கு அடியில் புகுந்து குவியலை நனைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர் பழுப்பாக, காரமாகத் தொட்டிக்குள் போகும். இடுப்புச் சிவப்பில் அதை ஊற்ற முடியாது. நனைந்த பிமென்டோவும் பூஞ்சை பிடித்துவிடும். வருஷத்துக்கு ஒரே விளைச்சல்.

“எல்லாத்தையும் உள்ள கொண்டுபோகணும். ஆனா எங்க கொட்டறது? ஸ்டோர்ல வள்ளிக்கிழங்கு, சமையல்கட்டுல ஈரம்.”

“என் கட்டில்ல கொட்டு,” என்றான் வின்ராய்.

“நீ எங்க படுப்ப?”

“ஜசிந்த் கட்டில்ல. அவ ஜமைக்காவப் பாக்கத்தானே வந்தா? தரையையும் பாக்கட்டும்.”

“நல்லா உபசரிக்கிறீங்க மாமா,” என்று சொல்லிக்கொண்டே ஜசிந்த் சாக்கை எடுத்துவந்தாள்.

அயோனி மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்து, கட்டில் சட்டத்தின்மேல் தார்ப்பாயை விரித்தாள். இருவரும் சாக்குச் சாக்காக அள்ளிக் கொட்டினார்கள். கடைசிச் சாக்கு உள்ளே போனதும் அயோனி விளக்குமாற்றை எடுத்தாள். பாதிக் களம் பெருக்குவதற்குள் முதல் துளிகள் நாணயம் நாணயமாக விழுந்தன.

தொட்டி வாயில் துணி சுற்றிய மரக்கட்டை அடைத்திருந்தது. அடைத்திருக்கும்வரை தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து வாழைக்குப் போகும். கட்டையை உருவினால் தொட்டிக்குள் இறங்கும். முதல் தண்ணீர் களத்தைக் கழுவத்தான். அதை யாரும் தொட்டிக்குள் விடமாட்டார்கள். எது முதல் தண்ணீர், எது அடுத்தது என்பதில்தான் சண்டை வரும். வின்ராய் தன் நாற்காலியை வராந்தா விளிம்புக்குத் தள்ளச் சொல்லி, கட்டையில் கட்டிய கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டான். ஜசிந்த் வெள்ளை எனாமல் குவளையில் பிடித்துக் காட்டினாள். தேநீர் நிறம்.

“கொட்டு.”

அடுத்த குவளை வெளிர் மஞ்சள்.

“இழு வின்ராய்!” நனைந்தபடி அயோனி கத்தினாள்.

“இரு.”

“நின்னுடப் போகுது!”

“இருன்னு சொல்றேன்ல.”

மழை நிஜமாகவே தளர்ந்தது. வாழைக்குப் போகும் ஒவ்வொரு குடமும் ஒரு விரிப்பு துவைக்கும் தண்ணீர் என்று அயோனி கணக்குப் போட்டாள். கட்டை அவள் காலடியில்தான் இருந்தது, குனிந்தால் உருவிவிடலாம். குனியவில்லை. அது பெருந்தன்மை அல்ல. மஞ்சள் தண்ணீர் உள்ளே போனால் அடியில் மிஞ்சியிருப்பதும் கெட்டுவிடும். தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று பார்ப்பதில் அவள் கண்ணுக்கு ஆசை முந்திக்கொண்டது. அவன் கண்ணுக்கு முந்தவில்லை.

அடுத்த குவளையில் நிறமில்லை. “குடிச்சுப் பாரு,” என்றான் ஜசிந்திடம்.

“தண்ணி மாதிரிதான் இருக்கு.”

“தண்ணி மாதிரியா, தண்ணியா?”

அவள் இன்னொரு வாய் குடித்தாள். “தண்ணி மாமா, தண்ணியேதான்!”

அவன் இழுத்தான். கட்டை அசையவில்லை. ஜசிந்த் குனியப்போனாள், அயோனி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். வின்ராய் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்து உடம்போடு சாய்ந்தான். கட்டை பிடுங்கிக்கொண்டு வந்து அவன் மடியில் விழுந்தது. தொட்டிக்குள் தண்ணீர் குதிக்கும் சத்தம் கேட்டது. தளர்ந்த மழை அதன்பின் அவசரப்படாமல், நிற்காமல் இருட்டும்வரை பெய்தது.

“பாத்தியா?” என்றான் வின்ராய்.

“பாத்தேன், பாத்தேன். சட்டை நனைஞ்சிருக்கு, கழட்டு.”

மறுநாள் காலை அயோனி சர்ச்சுக்குப் போகவில்லை. பெரிய பானையில் தண்ணீர் காயவைத்து, வின்ராயைக் குளியல் நாற்காலியில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுத் தாராளமாக ஊற்றினாள். இடுப்பை அழுத்திப் பார்த்தாள். சிவப்பு அப்படியேதான் இருந்தது, பரவவில்லை. நன்றாக ஒற்றித் துடைத்து, ஜசிந்த் கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்து, இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். பிறகு வீட்டிலிருந்த விரிப்புகள் அத்தனையையும் ஊறப்போட்டுவிட்டு, துணிக்கொடியைத் துடைக்கச் சொல்லி ஜசிந்தை வெளியே அனுப்பினாள்.