நசீர் பயணம் சொல்லப் போன நாள்

ஆலங்குடாவில் நான் இப்போது தோட்டம் கூட்டி, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு கிடக்கும் ஹோட்டலில், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பழைய துடுப்பு ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். வார்னிஷ் பூசி, மேலே சின்ன விளக்கும் போட்டாயிற்று. பட்டம் கட்டிக் கடலில் பாய வரும் வெள்ளைக்காரர்கள் அதன் கீழ் நின்று படம் எடுப்பார்கள். போன கிழமை ஒரு பெண் என்னையும் இழுத்து நிறுத்திச் சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு அவளுக்கு இன்னும் பிடித்துப்போய், மறுபடியும் சிரிக்கச் சொன்னாள்.

அப்போது அந்த வார்னிஷ் வாசத்தோடு ஒரு சத்தமும் வந்தது. துடுப்பு மண்டையில் விழுகிற சத்தம். தேங்காய் உடைகிற மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. நனைந்த மூட்டையைப் படியில் போட்ட மாதிரி, மொத்தென்று, சின்னதாக இருக்கும். அடி விஷயத்தில் என்னை நம்பலாம். ஏழாம் வகுப்போடு புத்தகத்தை விட்டவன் என்றாலும் இந்தப் பாடத்தை மட்டும் விடாமல் படித்திருக்கிறேன். சிலாபத்துப் பேக்கரியில் முதலாளி பாண் தட்டால் அடிப்பார். முதலில் சூடு தெரியும், நோவு பிறகுதான். சோதனைச் சாவடியில் துவக்கின் பிடி, அது எலும்பைத் தேடி வரும். நான் மாத்தளையில் பிறந்த தமிழன். அடையாள அட்டையை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் பெயர் மாறவா போகிறது?

பேக்கரியை விட்டு, புத்தளம் உப்பளத்தை விட்டு, காசிம் சம்மாட்டியின் கரைவலையில் கயிறு இழுக்க வந்து சேர்ந்தது சண்டை உச்சத்தில் இருந்த காலம். சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் நின்று இரண்டு பக்கமும் இழுக்க வேண்டியது எங்கள் வேலை. கயிறு உள்ளங்கைத் தோலை உரிக்கும், உப்பு அதில் ஏறும். ஆனால் பக்கத்திலேயே தேங்காய் போட்ட மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வாசத்துக்காகவே நான் அங்கே தங்கிவிட்டேன் என்றால் பாதி உண்மை.

என் பக்கத்தில் கயிறு பிடித்தவன் நசீர். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டு வந்தபோது சின்னப் பிள்ளை. அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்தவன். கயிறு இழுக்கத் தெரியாது. பொல்லுப் பிடித்துக்கொண்டு நிற்கிற கொக்கு மாதிரி நிற்பான். அவனுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. படிப்புச் செலவு அவர்களுடையது, விமான டிக்கட் நம்முடையது என்று கடிதம் வந்தபோது முகாமில் சந்தோஷமும் ஒப்பாரியும் ஒன்றாகக் கேட்டன.

காசிம் சம்மாட்டி சொன்னார்: "ஒரு வளைப்பு அவனுக்கு. அல்லாஹ் என்ன தாறானோ, வலை மடியில வாறதெல்லாம் நசீர்ட டிக்கட்டுக்கு."

அந்தக் கரையில் இரண்டு வலைகள் இருந்தன. மற்றது பக்கத்து ஊர் மாம்புரிக்காரருடையது. ஒருவர் வளைத்த பின் மற்றவர் வளைக்க வேண்டும். முறை வந்தும் தோணியைத் தண்ணீரில் இறக்காமல் நின்றால் அது அடுத்தவனுக்குப் போகும். எழுதாத சட்டம், எழுதிய எந்தச் சட்டத்தையும்விட எல்லோரும் அதற்குப் பயந்தார்கள்.

அன்று காலை சம்மாட்டி செய்த பிழை, பள்ளிவாசல் லெப்பையை அழைத்து வந்து வலைக்கு துஆ ஓதச் சொன்னது. லெப்பைக்கு இப்படி ஒரு கூட்டம் கிடைத்து நெடுநாள். நசீருக்கு ஓதினார். நசீரின் உம்மாவுக்கு, மவுத்தாகி மண்ணுக்குள் போன வாப்பாவுக்கு, சம்மாட்டிக்கு, சம்மாட்டியின் மருமகன்மாருக்கு, கயிறு கொடுத்த கடைக்காரருக்கு என்று ஓதிக்கொண்டே போனார். கடலில் கீரிமீன் கூட்டம் கறுப்பாகத் திரண்டு வந்து நின்றது. நாங்கள் கையேந்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அதைப் பார்க்கிறோம். எங்கள் தோணி மணலில் கிடக்கிறது. லெப்பை மருமகன்மாரின் பிள்ளைகளுக்கு வந்திருந்தார்.

மாம்புரிக்காரர் தோணியை இறக்கினார்கள்.

"டேய், இது எங்கட முறை!" என்று சம்மாட்டி ஆமீனுக்கு நடுவிலேயே கத்தினார்.

அந்தத் தோணியின் முனையில் நின்ற சாலி நாநா திரும்பிச் சிரித்தார். "நீங்க ஓதுங்க சம்மாட்டியார். நாங்க புடிக்கிறோம். எங்கட பங்குக்கு ஆமீன் செல்றோம்!"

அவ்வளவுதான். நாங்கள் தண்ணீருக்குள் பாய்ந்தோம். இடுப்பளவு தண்ணீரில் சண்டை போடுவது தரையில் போடுவது போல அல்ல; காலை ஓங்க முடியாது, கையும் பல்லும்தான். ஒருவன் என் காதைக் கடித்தான். நான் அவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி நிற்கும் வரை பிடித்திருந்தேன். யாரோ என் விலாவில் உதைத்ததால் அவன் பிழைத்தான். மீன் வெட்டும் கத்தியோடு எங்கள் ஆள் ஒருவன் அவர்கள் வலையைக் கிழித்தான். கத்தியைப் பறிக்கப் போனவனின் விரல் தொங்கியது. மீன் எல்லாம் கிழிசல் வழியே ஓடியது. நுரை சிவப்பாகக் கரைக்கு வந்து வந்து போயிற்று.

நசீர் துஆவுக்கென்று போட்ட புதுச் சட்டையோடு கரையில்தான் நின்றான். டிக்கட் கிழிந்த வலையால் போவதைப் பார்த்தானோ என்னவோ, எங்கள் தோணியிலிருந்து துடுப்பை உருவிக்கொண்டு ஓடிவந்து சாலி நாநாவின் காதுக்குப் பின்னால் போட்டான். மொத்தென்று அந்தச் சத்தம். சாலி நாநா முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தார். நசீர் இரண்டாம் முறையும் ஓங்கினான். லெப்பைதான் பின்னாலிருந்து துடுப்பைப் பிடித்தார். அவர் அன்று செய்த உருப்படியான காரியம் அது.

புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. அகதிப் பெடியன்தான் அடித்தான் என்று மாம்புரிக்காரர் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அடிபட்டவர் ஒரு சொல் சொன்னால் போதும். சாலி நாநாவுக்கு மீன் விற்கிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். பேக்கரிச் சிங்களம் தெரிந்த என்னைக் கட்டிலடிக்கு இழுத்துப் போனார்கள்.

"கவுத கெஹுவே?" என்று கேட்டான் கொஸ்தாப்பல். அடித்தது யார்?

சாலி நாநாவுக்குத் தலை முழுக்கக் கட்டு. ஒரு கண் மூடிக் கிடந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார். "தோணியில வழுக்கி விழுந்தனாம்னு செல்லு."

சொன்னேன். கொஸ்தாப்பல் என்னை அறைந்தான். மொழிபெயர்ப்புக்கு நான் வாங்கிய முதல் கூலி. மறுபடியும் கேட்டான். மறுபடியும் வழுக்கித்தான் விழுந்தார். அவன் போன பிறகு அவருடைய மச்சான் கட்டிலை உதைத்தார். "ஒனக்கு மூளை கலங்கிப் போச்சா? அடிச்சவனை விடுறியே!"

"அடிச்சது அவன்தான்" என்றார் சாலி நாநா. "ஆனா இவங்க அவனைக் கொண்டு போறது அடிச்சதுக்கு இல்ல. வடக்குல பொறந்ததுக்கு. கொண்டு போனா வரமாட்டான்."

டிக்கட் காசு பிறகு சேர்ந்தது. உம்மாவின் காதில் கிடந்ததும் அதில் போயிற்று.

புறப்படுவதற்கு முன் நசீர் பயணம் சொல்லக் கிளம்பினான். அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். தூரம் போகிறவன் உதவி செய்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய் நன்றி சொல்லி, "என்னில ஏதும் குறை இருந்தா பொறுத்துக்கங்க" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "பொறுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பயணம் காலைச் சுற்றும் என்று நம்பினார்கள். சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு நான் மிதித்தேன். எல்லா வீட்டிலும் பிளேன்டீ, வட்டிலப்பம், கண்ணீர். கடைசி வீடு மாம்புரியில்.

வழியில் சாவடி. நசீரின் கடிதங்களைப் பார்த்துவிட்டு அவனை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். என் அட்டையைப் பார்த்தவன், வெளிநாட்டுக்குப் போகிறவனோடு உனக்கு என்ன வேலை என்று கேட்டான். வழியனுப்பப் போகிறேன் என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். துவக்கின் பிடி வாயில் இறங்கியது. இரண்டு பல் மணலில் விழுந்தன. குனிந்து பொறுக்கப் போனபோது முதுகில் இன்னொன்று. நசீர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் போயிருக்க முடியாது, அதனால் சரி.

மீதித் தூரம் அவன் மிதித்தான். சாலி நாநா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டு இன்னும் இருந்தது. என் வாயைப் பார்த்தார்.

"ஒனக்கு ஆருடா துடுப்பால போட்ட?"

"இது அரசாங்கத் துடுப்பு, நாநா."

அவர் சிரித்தார், சிரித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினார்: "எந்த மொகத்தோட வந்தீக்கான் இவன்!"

நசீர் மணலில் முழங்கால் போட்டு, அவர் காலைப் பிடித்தான். "நீங்க செஞ்ச உதவிக்கு... நாநா, என்னைப் பொறுத்துக்கங்க."

"பொறுத்துக்கிட்டேன்னு செல்லமாட்டேன்" என்றார் சாலி நாநா.

நசீர் நிமிர்ந்தான்.

"இப்ப செல்லமாட்டேன். போ, படி. திரும்பி வந்து இந்த எடத்துல நின்டு கேளு. அப்ப செல்றேன். போறவனெல்லாம் பொறுத்துக்கங்கன்னுட்டுப் போறான். ஒருத்தனும் வாறதில்ல."

மனைவி வெளியே வந்து என்னிடம் உப்புத்தண்ணீர் ஒரு கோப்பை நீட்டினார். கொப்பளித்துத் துப்பினேன். நசீருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அவன் வர நெடுங்காலம் ஆயிற்று. சண்டை முடிந்து, முகாமின் ஓலைக் கொட்டில்கள் கல்வீடுகளாகி, ஹோட்டல்கள் வந்து கரைவலைக்குக் கரையே இல்லாமல் போன பிறகு, ஒரு நாள் சப்பாத்தோடு மணலில் நடந்து வந்தான். சாலி நாநா எங்கள் ஹோட்டல் வேலி ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஞாபகம் எல்லாம் போய்விட்டிருந்தது. அடியால் போனதா, வயதால் போனதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிச்சம். எதிரே யார் வந்தாலும் அதைச் சொல்வார். பாண்காரனுக்குச் சொல்வார். பட்டத்தோடு போகும் வெள்ளைக்காரிக்குச் சொல்வார்.

நசீர் முன்னால் போய் நின்றான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே சாலி நாநா சொன்னார்: "பொறுத்துக்கிட்டேன், போ."

"நாநா, நான் நசீர்."

"பொறுத்துக்கிட்டேன், போ."

வேலிக்குள் திரிந்த நாயைப் பார்த்தும் அதையே சொன்னார். நசீர் வெயில் சாயும் வரை அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தான். அடுத்த மழைக்கு முன் அவர் மவுத்தாகிவிட்டார்.

அந்தத் துடுப்பா இது என்று கேட்காதீர்கள். எல்லாத் துடுப்பும் ஒரே மாதிரித்தான்.

அன்று சாலி நாநா பக்கத்திலிருந்து எழுந்து திரும்பிப் போகும்போது நசீர் என்னிடம் வந்தான். என் வாயைப் பார்த்தான். பல் இல்லாத இடத்தைப் பார்த்தான். "மச்சான், பயணம் சொல்ல வந்தேன். பொறுத்துக்கோ" என்றான்.

நான் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.