ஆட்டத்தில் செத்துப் போனவருக்கு என்ன வேலை?

எங்கள் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் தண்ணீர் லாரியையும் லிஃப்டையும் பேசி முடித்த பிறகு மூன்றாவதாக எடுத்துக்கொண்ட விஷயம் என் மகளின் விளையாட்டு. வானகரத்தில் பைபாஸுக்குப் பின்னால் இருபத்து நான்கு வீடுகள் உள்ள கட்டடம் எங்களுடையது. கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஹால் உண்டு. ஞாயிறு மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை என் மகளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து விளையாடுவார்கள். இனிமேல் ஹாலைத் தரக் கூடாது என்றுதான் பேச்சு.

பிள்ளைகளா, இந்த ஆட்டத்தை விளையாடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இதில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர்: வீரன், வைத்தியச்சி, திருடன், இப்படி. கதைசொல்லி, "எதிரே ஒரு குகை இருக்கு, இன்னா பண்றீங்க?" என்று கேட்பார். நீங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடையை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இரண்டு புத்தகம். எப்படி விளையாடுவது என்று சொல்வது விதிப் புத்தகம். எந்தக் கதையை விளையாடுவது என்று சொல்வது சாகசப் புத்தகம். வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கும் என் மச்சினியின் பெண் இரண்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தாள். இங்கிலீஷில் இருந்ததை என் மகள் ஒரு லாங் சைஸ் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள்தான் கதைசொல்லி.

புகார் சொன்னவர் இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மா. கோயமுத்தூர்ப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவருடைய ஒன்பது வயது மகளும் ஆட்டத்துக்கு வருவாள்.

"ரெண்டு வாரமா என்ற பாப்பா அழுதுட்டுத்தானுங்க மேல வர்றா. கேட்டா வாயே தொறக்கறதில்லீங்க. அந்தப் புஸ்தகத்து அட்டையைப் பாத்தீங்ளா? எலும்புக்கூடு வாள் வெச்சுட்டு நிக்குது. உள்ள என்ன இருக்குதோ, யாரு கண்டா?"

பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் செயலாளர், "யாராவது படிச்சுப் பாத்து எழுத்துல கொடுங்க. பிள்ளைகளுக்கு ஏத்ததுன்னா ஹால் உண்டு. இல்லேன்னா இல்லை" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. செய்த பொருள் அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறவன். "என் பொண்ணு ஆட்டம் சார், நான் எழுதினா நல்லா இருக்காது" என்றேன்.

"அண்ணன் பொய் எழுத மாட்டாருங்க" என்றார் புகார் சொன்ன அந்த அம்மாவே. மொட்டை மாடி ஒழுகாமல் இருக்கப் பூச்சு போட வந்தவர்களை, தண்ணீரைக் கட்டி ஒரு நாள் நிறுத்திக் காட்டினால்தான் கையெழுத்து என்று நான் பிடிவாதம் பிடித்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தையில் என் கை கட்டுப்பட்டுவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் வழிமறித்தாள். "நைனா, பாஸ் போட்டுடு. உன் கை, உன் பேனா. ஒரு நிமிஷ வேலை."

"படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்."

"பெத்த பொண்ணுக்கே இன்ஸ்பெக்‌ஷனா?"

சமையலறையில் இருந்து என் மனைவி சொன்னாள்: "நீ பொறந்தப்போ ஆஸ்பத்திரில உன் வெரல எண்ணிப் பாத்துட்டுத்தான் கையில வாங்குனாரு உங்க நைனா. வுடு, அவரு அப்பிடித்தான்."

அந்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு வெளியே வந்து, அயனம்பாக்கம் வழியாக வண்டியை விட்டு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஐந்து மணிவரை படிப்பேன். டிராயிங்கில் இருக்கும் இங்கிலீஷ் எனக்குத் தெரியும். கதையில் இருக்கும் இங்கிலீஷ் வேறு சாதி. அதனால் ஒரு பக்கம் பிரிண்ட், ஒரு பக்கம் மகளின் நோட்டு, நடுவில் என் விரல்.

முதலில் அட்டைப் படம். நம் ஏரியாவில் கட்டுகிற வீட்டுக்கு வீடு நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கும் திருஷ்டி பொம்மையைவிட அந்த எலும்புக்கூடு சாதுவாகத்தான் இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை. ரத்தத்தை வர்ணித்து எழுதவில்லை. இதுவரை சரி.

விதிப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டது ஒன்று. 'பத்துக்கு மேல் விழுந்தால் வெற்றி' என்று விதி. முப்பத்தோராம் பக்கத்து உதாரணத்தில் ஒருவன் சரியாகப் பத்து போட்டு வெற்றி பெறுகிறான். பத்து உள்ளேயா, வெளியேயா? எங்கள் வேலையில் இதில் தவறினால் ஒரு லாட் சரக்கே போய்விடும்.

"பத்து விழுந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று மகளைக் கேட்டேன்.

"யாரு ஜாஸ்தி கத்தறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க நைனா."

சாகசப் புத்தகத்தில் வேறு விதமான கோளாறுகள். கடலுக்குள் முழுகிக் கிடக்கும் உப்புக் கோட்டைக்குள் போய் ஒரு மணியை எடுத்து வர வேண்டும் என்பது கதை. கோட்டையின் படத்தில் வடக்கே ஒரு கதவு வரைந்திருந்தது. அதற்குப் பின்னால் என்ன என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. மணி இருக்கும் அறையின் சாவி ஒரே ஒரு பானைக்குள் இருக்கிறது. பானையை யாரும் பார்க்கவில்லை என்றால் கதை அங்கேயே படுத்துவிடும். இன்னொரு வழி எழுதவில்லை. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். தெளிவாக இருந்த வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டேன். கேன்டீனில் அந்தக் காகிதக் கட்டைப் பார்த்த என் கூட்டாளி, "இன்னா மாமே, எலும்புக்கூட்டையும் கேஜ் வெச்சு அளந்துகினு கீறியா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். பதினோரு குறை கண்டுபிடித்திருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவே இருந்தது. இந்தப் பதினொன்றையும் சரி செய்தால் ஆட்டம் ஓகே என்று எழுதிவிடலாம்.

ஆனால் காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் எங்கள் கம்பெனியில் இல்லை. ஒரு வேலைக்குப் புதிதாகச் செய்முறைத் தாள் எழுதினால், அந்த வேலையைத் தெரியாத ஒருத்தர் கையில் அதைக் கொடுத்துச் செய்யச் சொல்வோம். எழுதினவர் பக்கத்தில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அதனால் இரண்டாம் மாடி அம்மாவிடமே போனேன்.

"நீங்க ஒரு வாட்டி உக்காந்து ஆடிப் பாருங்கம்மா. அப்பறமும் வேணாம்னா நானே ஹாலைப் பூட்டிடறேன்."

"நானுங்களா? பேயி கூடவா?" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வந்துவிட்டார்.

மேஜையைச் சுற்றி அவர், நான், மூன்றாம் மாடி இரட்டைப் பெண்கள். என் மகள் கதைசொல்லி. அந்த அம்மாவின் பாப்பா ஆட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

அம்மாவுக்கு வைத்தியச்சி. முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. "இருங்க, நான் கயித்தக் கட்டீட்டு முன்னால போறேன். இவங்கள நம்ப முடியாதுங்க" என்று இரட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கோட்டைக்குள் காலை வைத்தார். வாசலில் உப்புக் குழி. பகடையை உருட்டினார். நாலு விழுந்தது.

என் மகள் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆன்ட்டி, நீங்க குழில வுழுந்து செத்துட்டீங்க."

"அச்சச்சோ. சரி, இப்ப நான் என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. புது கேரக்டர் எழுதிக்கினு அடுத்த வாட்டி சேந்துக்கலாம். இன்னிக்கி வேடிக்க பாருங்க."

நாங்கள் உள்ளே போனோம். இரட்டைகள் சண்டை போட்டார்கள், நான் பானையை உடைத்தேன், சாவி கிடைத்தது. எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்த அம்மா கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். அப்புறம் போனையும் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். பின்னால் நின்ற பாப்பா குனிந்து கேட்டாள்:

"அம்மா, உனக்கும் இப்ப அழுகை வருதா?"

அந்த அம்மா திரும்பி மகளை மடியில் இழுத்துக்கொண்டார். "இதுக்குத்தான் அழுதியா கண்ணு?"

"ரெண்டு வாரமும் நான்தான் மொதல்ல செத்தேன். ஆறு மணிவரைக்கும் சும்மாவே உக்காந்துட்டு இருந்தேன். எல்லாரும் ஜாலியா இருந்தாங்க."

என் காகிதக் கட்டைப் புரட்டினேன். விதிப் புத்தகம், நாற்பதாம் பக்கம்: 'கேரக்டர் இறந்தால் புதியதை உருவாக்கி அடுத்த முறை சேரலாம்.' பக்கத்தில் என் பென்சில் டிக். எழுத்து தெளிவு, அர்த்தம் தெளிவு, முன்னுக்குப் பின் முரண் இல்லை. அதனால் டிக். மூன்று மணி நேரம் ஒரு குழந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று அதே வரி சொல்கிறது. வாராவாரம் கூடும் பெரியவர்களுக்கு எழுதின புத்தகம். அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன், நாற்காலி நாற்காலியாகப் பார்க்கவில்லை. பதினோரு குறையும் சேர்ந்து ஒரு குழந்தையைக்கூட அழ வைத்ததில்லை. டிக் போட்ட வரிதான் அழ வைத்தது.

அன்று மாலையே எழுதினேன். எங்கள் கம்பெனியில் ஓகே, ரிஜெக்ட் இரண்டுக்கும் நடுவில் ரீவொர்க் என்று ஒன்று உண்டு. பொருளைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அப்படியே அனுப்பவும் வேண்டாம். திருத்திக் கொண்டுவா என்று அர்த்தம். பன்னிரண்டாவது குறையாக, செத்தவர் சும்மா உட்கார வேண்டும் என்ற விதியைச் சேர்த்து, கீழே 'ரீவொர்க்' என்று போட்டேன்.

செயலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆமாவா, இல்லையா?"

"திருத்தினா ஆமா சார்."

"அப்போ திருத்துற வரைக்கும் ஹால் கிடையாது."

விஷயத்தைக் கேட்டதும் மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மத்தவங்க அப்பாங்கல்லாம் பொண்ணுக்கு சப்போர்ட் பண்ணுவாங்க. நீ ரீவொர்க் போடற." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொங்கென்று வைப்பாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதினதை மாற்றத் தோன்றவில்லை. மாற்றியிருந்தால் இரண்டாம் மாடிப் படியில் அந்தப் பாப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

மூன்றாம் நாள் நான் வேலை முடித்து வந்தபோது மகள் வீட்டில் இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போயிருந்தாள். நானும் ஏறினேன். தரையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்துட்டா இன்னா பண்ணா உனக்கு ஜாலியா இருக்கும்? நீயே சொல்லு" என்று என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கு அந்தக் கோட்டையில பூதமா வரணும். நீங்கல்லாம் போற வழில நின்னு பயமுறுத்தணும். பகடை நான்தான் உருட்டுவேன்."

வாசலில் நின்ற அவள் அம்மா என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சுங்கண்ணா. பேய் வேண்டாம்னு நான் புகார் குடுத்தா, இவ பேயாவே ஆகோணுங்கறா."

அன்றே எழுதினார்கள். செத்தவர் பூதம். பூதத்துக்குப் பகடை உண்டு, பேச்சு உண்டு, மூன்று முறை வழிமறிக்கும் உரிமை உண்டு. பத்து விழுந்தால் வெற்றிதான் என்று என் மகள் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள். வடக்குக் கதவுக்குப் பின்னால் பூதத்தின் அறை. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு ஹாலிலேயே ஆடிப் பார்த்தோம். இந்த முறை முதலில் செத்தவன் நான். ஆறு மணிவரை பூதமாக இருந்து இரட்டைகளைத் துரத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தாளில் ஓகே போட்டேன். பக்கத்தில் அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டார். செயலாளர் ஹால் சாவியை என் மகளிடமே கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம், நாலு மணி இருக்கும். மோட்டார் போடக் கீழே வந்தேன். ஹாலில் ஒரே கூச்சல். இரண்டாம் மாடி அம்மா ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இது என்னங்க அநியாயம்? பூதம் ஆகோணும்னு என்ற பாப்பா வேணும்னே போய்க் குழியில குதிக்கறா. இப்ப அந்த ரெட்டைகளும் குதிச்சாச்சு. கோட்டைக்குள்ள போறதுக்கு ஒரு ஆளு இல்லீங்க!"

சட்டைப் பையில் கையை விட்டு என் குறிப்பு நோட்டையும் பேனாவையும் எடுத்தேன். எடுக்கிறதைக் கண்ணாடி வழியாக மகள் பார்த்துவிட்டாள்.

"நைனா, பேனாவ உள்ள வை!" என்று உள்ளிருந்தே கத்தினாள். "எங்களுக்கே தெரியும், நாங்களே பேசிகினுதான் கீறோம்."

மேஜையில் நாலு தலைகளும் நோட்டின் மேல் குனிந்திருந்தன. பாப்பாதான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.