குழந்தைச் சட்டையில் டீசல் நாற்றம்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் திருப்பூரில் நடந்தது இது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். மனைவி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். நான் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, அதே கம்பெனிக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். தையல் யூனிட்டுகளில் தைத்து முடித்த கைக்குழந்தைச் சட்டைகளைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்தான்.

மார்கழிக் குளிரில் ஆரம்பித்தது வம்பு. நான் இறக்கிய சட்டைகளில் டீசல் நாற்றம் அடிக்கிறதாம். செக்கிங்கைக் கவனிக்கும் அம்மா கண்டிப்பானவர். திட்டினாலும் மரியாதை குறையாது. "பச்சக் கொழந்தைங்க போடற துணிங்க. இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவோமுங்க" என்றார். அதை என் மனைவியின் எதிரிலேயே சொன்னார். அந்த லோடு போனால் வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டேங்க் மூடியை மாற்றினேன். குழாய்களையெல்லாம் தடவிப் பார்த்தேன். உள்ளே சோப்புப் போட்டுக் கழுவிப் புதுத் தார்ப்பாய் விரித்தேன். சொட்டுக் கசிவு இல்லை. நாற்றம் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் மனைவி, "ஏங்க, காங்கேயத்துல இருந்து நீங்க கொண்டாந்த லோடுல நாத்தமே இல்லயே. உள்ளூர் லோடுதான் நாறுது" என்றாள். வண்டிக்கு ஊர் பார்க்கத் தெரியுமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மெக்கானிக்கிட்ட போயி இதச் சொல்லுங்க" என்றாள்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க, ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா? சூடே ஆகலீங்களே!" என்றார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. கோடையில், இந்த வெயிலுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டவரே அவர்தான். இந்தப் பக்கம் பலரும் செய்வதுதான் என்பதால் நானும் தலையாட்டியிருந்தேன்.

இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாததால் வண்டியைக் கிளப்பியதிலிருந்தே இஞ்சின் குளிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. காங்கேயம்வரை அவ்வளவு தூரம் ஓடினால் ஒருவழியாகச் சூடாகிவிடும். தெருவுக்குத் தெரு நின்றால் ஆகாது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக மக்கர் செய்யுமே என்று, இஞ்சினை ஓடவிட்டபடியே பின்கதவைத் திறந்து லோடு ஏற்றுவேன். சரியாக எரியாத டீசல் புகை உள்ளே புகுந்து துணியில் ஏறியிருக்கிறது.

"கழட்டுனதும் நானு, மாட்டறதும் நானுங்களா?" என்று சிரித்துக்கொண்டே புதிதாக ஒன்றை மாட்டினார். "சித்திரையில கொதிச்சா என்னையத் திட்டக்கூடாதுங்க" என்றும் சொல்லிவைத்தார்.

மறுநாள் லோடை இறக்கிவிட்டு, அங்கேயே நின்றேன். அந்த அம்மா ஒரு சட்டையை முகர்ந்தார். இன்னொன்றையும் முகர்ந்தார். பிறகு மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை உருவி, "நீயே சொல்லு கண்ணு" என்று என் மனைவியிடம் நீட்டினார். அவள் முகத்தோடு அழுத்தி மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "புதுத்துணி வாசந்தான்க்கா" என்றாள்.

சித்திரையும் வந்தது, வண்டி ஒருநாளும் கொதிக்கவில்லை. இந்த ஊரில் எங்கள் பிழைப்பு நிலைத்தது அவள் மூக்கால்தான் என்று நான் சொந்தக்காரர்களிடம் சொன்னால் அவள் இன்றும் முறைப்பாள். எனக்கோ அதைச் சொல்லச் சொல்லப் பெருமையாகத்தான் இருக்கிறது.