பதினேழாம் விதி

அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இருப்பதாக வாசித்தவன் நான்!

நாக்குக் குழறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற அதே நிதானத்தோடு, கூடியிருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, இல்லாத ஒன்றை வாசித்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது. என் மனைவிக்குத் தெரியாது. பாவ அறிக்கை ஜெபம் சொல்லும்போதுகூட அந்த இடம் நெருங்கினால் மனசு பைய நழுவி வேறு பக்கம் போய்விடும். உம்மிடம் சொல்கிறேன். நீர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது போலும்...

நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் ரைட்டர். கடிதம் எழுதுவது, நகல் எடுப்பது, தலைமை ஆசிரியரான துரை ஆங்கிலத்தில் சொல்வதை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வது... இதுதான் உத்தியோகம். கோட்டு உண்டு, தலைப்பாகை உண்டு. என் தாத்தா வள்ளியூருக்குத் தெற்கே பனை ஏறியவர். இதையும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாரும், ஒரு குற்றத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வருகிறது!

பட்டணத்துப் பள்ளிக்கூடங்களையும் கிராமத்துப் பள்ளிக்கூடங்களையும் சேர்த்து, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹாக்கிப் பந்தயச் சங்கம் ஒன்றைத் தொடங்கியவன் நான் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். தொடங்கியவன் நான்தான், அதற்குச் செக்ரட்டரியும் நான்தான். யோசனை என்னுடையது அல்ல. அது என் அத்தை மகன் ஞானமுத்துவின் யோசனை.

அத்தான் எங்கள் பூர்வீக ஊரில் ஓராசிரியர் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆசிரியப் பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் இருந்தபோது எங்கள் மைதானத்தில் ஹாக்கி பார்த்தார். பித்துப் பிடித்துப் போனார். ஊருக்குத் திரும்பிப் பனையேறிகளின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மட்டைக்கு எங்கே போவது? பனைமட்டை! அடிப்பக்கம் தானாகவே அகன்று வளைந்திருக்கும். இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்லாய் நிற்கும் கருக்கைச் சீவி எறிந்தால் முடிந்தது வேலை. பந்துக்குப் பனங்குரும்பை, பனையின் பிஞ்சுக் காய்.

"மாப்பிளே, எல்லாப் பள்ளிக்கூடத்துப் பயலுவளையும் ஒரே தரையில நிப்பாட்டி ஆட வைக்கணும். நம்ம பயலுவ ஆடுத ஆட்டத்தப் பாத்தேன்னா அசந்து போவ" என்று ஒருநாள் என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

அதை ஆங்கிலத்தில் எழுதித் துரையின் மேசையில் வைத்தேன். துரை என் தோளைத் தட்டி, நல்ல யோசனை என்றார். யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சின்னத் திருட்டுத்தான்! ஆனால் பெரியதற்குக் கையைப் பழக்கியது அதுதான்.

அப்புறம் ஆறு மாதம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. சங்கத்தில் சேர இருந்த ஆறு பள்ளிக்கூடங்களுக்கும் கடிதம் மேல் கடிதம். சேரன்மகாதேவிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் பரிசுக் கோப்பை தர ஒப்புக்கொண்டார். பிசான அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் தம் வயலையும் ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்தார். துரை ஒரு வாக்குக் கொடுத்தார். கிராமத்து அணிகளில் நன்றாக ஆடுகிற இரண்டு பிள்ளைகளை எங்கள் உயர்தரப் பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இலவசமாகச் சேர்த்துக்கொள்வாராம். பெயர்களை நானே பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியது.

இதை அத்தானுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. இஸ்ரவேல் என்று ஒரு பையன், பதினாலு வயது. ஆட்டத்திலும் படிப்பிலும் அவனுக்கு ஈடில்லை. அவனை இந்த வருஷமே மரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று தகப்பன் நிற்கிறான். 'ஆட்டம் முடியட்டும். பெரிய பள்ளிக்கூடத்தில் எடுக்காவிட்டால் உம் பிள்ளை, உம் மரம், நான் குறுக்கே வரமாட்டேன்' என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்... இதுதான் அந்தக் கடிதம். அந்தப் பையனின் தலையெழுத்து எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும்!

வயல் காயும் காலமும் பதநீர்க் காலமும் ஒன்று. பாளையை ஒருநாள் சீவாமல் விட்டாலும் மரம் வற்றிப் போகும். அந்த மாதங்களில் பனையேறி வீட்டில் ஒரு கையும் சும்மா இருக்க முடியாது. ஆகவே அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா, விரும்பினேனா? எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்... விரும்பினேன்.

தொடக்க நாள். பந்தல், மாவிலைத் தோரணம், மேளம். ரயிலில் வந்திறங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் எண்ணெய் பூசிய மர மட்டைகளோடு நின்றார்கள். துரை வெயில் தாங்காமல் மலைக்குப் போயிருந்தார். சீமையில் அச்சிட்ட ஆங்கில விதிப்புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த மைதானத்தில் இருந்த ஒரே பிரதி அதுதான். அதைத் திறந்து வாசிக்க வேண்டியவனும் நான் ஒருவன்.

பண்ணையார் நாற்காலியில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது வாய்க்கால் கரையில் ஒரு வரிசை தெரிந்தது. முன்னால் ஞானமுத்து அத்தான். பின்னால் பதினொரு பிள்ளைகள். முந்தின நாள் விடியலில் புறப்பட்டு, களக்காட்டில் தங்கி, நடந்தே வந்திருக்கிறார்கள்! வாய்க்காலில் குளித்து, தலை வாரி, ஈர வேட்டியோடு, தோளில் பனைமட்டையைச் சாத்திக்கொண்டு... ஒருவன் கையில் மட்டும் ஓலைப்பெட்டி. அதில் கருப்பட்டி, எனக்கு.

பண்ணையார் பார்த்தார். சிரித்தார். "என்ன வே ரைட்டர், இவனுவ ஆட வந்திருக்கானுவளா, வேலி அடைக்க வந்திருக்கானுவளா?"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"உமக்குத் தெரிஞ்ச ஆளுவளா வே?"

"இல்லை ஐயா. ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்" என்றேன்.

வேதத்தில் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீஷனுக்குக் கூவியதுபோல் எனக்குச் சேவல் ஒன்றும் கூவவில்லை. மேளம்தான் அடித்துக்கொண்டிருந்தது. அத்தான் பத்தடி தூரத்தில் நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. 'மாப்பிளே' என்று கூப்பிட்டுவிடுவாரே என்று பயந்தேன். அவர் கூப்பிடவில்லை. கையைக் கூப்பி, "வணக்கம் செக்ரட்டரி ஐயா" என்றார். ஐயோ! என் அவமானத்தை என்னைவிடக் கவனமாக அவர் காத்தார்!

பண்ணையார் கெட்டவர் அல்ல. இதை நான் சொல்லியாக வேண்டும். சிரித்து முடித்ததும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. "பனைமட்டையால ஆடலாமா வே? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு, பாரும். உண்டும்னா ஆடிட்டுப் போறானுவ."

உண்டும்னா ஆடிட்டுப் போறானுவ! கதவைத் திறந்தே வைத்துவிட்டார் மனுஷன். என் மேல் பழி வராது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். மட்டையைப் பற்றி இரண்டே வரி. இடப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். இரும்பும் கூர்முனையும் கூடாது. என்ன மரம் என்று ஒரு சொல்லும் இல்லை. விதிகள் பதினாறோடு முடிந்திருந்தன.

நான் வாசித்தேன்: "பதினேழாம் விதி. ஆடுவோர் கைக்கொள்ளும் மட்டை தச்சுப் பட்டறையில் இழைத்த மரமாய் இருத்தல் வேண்டும். பனை முதலானவற்றின் மட்டை செல்லாது."

ஏன்? ஏன் அப்படிச் செய்தேன்? அவர்கள் களத்தில் இறங்கினால் அத்தான் உற்சாகத்தில் என் பெயரைக் கூப்பிட்டுவிடுவார் என்ற பயமா? அந்தப் பனைமட்டையில் என் தாத்தாவின் கை தெரிந்ததா? பந்தலின் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும் என்றா? எது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை... எதுவானாலும் ஒரு பிள்ளையின் வாழ்வைவிடச் சின்னது.

அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்களுக்குப் புத்தகம் என்றால் போதும். அச்சில் இருப்பதை ஒருவன் எழுந்து நின்று வாசித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. நாங்கள் அப்படி வளர்க்கப்பட்டவர்கள். எனக்குத் தெரிந்துதானே வாசித்தேன்!

"புத்தகத்துல இருந்தா சரிதான் ஐயா. தெரியாம வந்துட்டோம்" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஏலே, கேட்டியளா? விதின்னா விதிதான். மட்டையக் கீழ வைங்கலே" என்றார்.

பத்து மட்டைகள் தரைக்கு வந்தன. ஒருவன் மட்டும் வைக்கவில்லை. "ஐயா, அவிய மட்டைய எரவல் வாங்கி ஆடலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அவன்தான் இஸ்ரவேல் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ஆடலாம்! தாராளமாக ஆடலாம்! எனக்குத் தேவன் கொடுத்த இரண்டாவது வாசல் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேரமில்லை தம்பி. அடுத்த தடவை பார்ப்போம்."

அவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வரப்பில் வரிசையாக உட்கார்ந்து கடைசிவரை ஆட்டம் பார்த்தார்கள். யார் கோல் போட்டாலும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்... வேண்டாம், அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

புறப்படும்போது அத்தான் என்னிடம் வந்தார். பக்கத்தில் ஆள் இருந்ததால் அப்போதும் ஐயாதான். "அந்த விதியெல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதித் தாரும் ஐயா. பயலுவளுக்குப் பாடமாச் சொல்லிக்குடுக்கேன். அடுத்த தடவை பிசகக் கூடாது."

எழுதினேன். பதினேழையும் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே 'செக்ரட்டரி' என்று கையொப்பமும் போட்டுக் கொடுத்தேன். அட பாவி!

துரை மலையிலிருந்து திரும்பியதும் பெயர்களைக் கேட்டார். வேறு கிராமத்துப் பிள்ளைகள் இருவரின் பெயரைக் கொடுத்தேன். 'அந்தத் தெற்கத்திப் பள்ளிக்கூடம்?' என்றார். 'அவர்கள் ஆடவில்லை, சார்' என்றேன். முழு உண்மை! அதே வாரத்தில் இஸ்ரவேல் மரம் ஏறிவிட்டான் என்று அத்தானின் கடிதம் வந்தது. என்னைக் குறை சொல்லி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

சங்கம் வளர்ந்தது. எனக்கு மாலை போட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகும். விட்டுவிடுவேன்.

போன மாதம் அத்தை இறந்துபோனாள். போகாமல் முடியுமா? போனேன். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். ஓலைக் கூரை, மண்சுவர். சுவரில் பத்துக் கட்டளை. அதன் பக்கத்தில், பழுத்த காகிதத்தில்... என் கையெழுத்து!

மூலையில் நாலு ஹாக்கி மட்டைகள் சாத்தியிருந்தன. பூவரச மரம். ஆசாரியிடம் கொடுத்து இழைத்தவை. "முடிஞ்சப்போ ஒண்ணு ஒண்ணாச் செய்யுதேன் மாப்பிளே. இன்னும் ஏழு வேணும். அப்புறம் விதிப்படி வந்து நிப்போம்லா" என்றார் அத்தான்.

வாசலில் நிழல் தட்டியது. நெஞ்சில் மரம் உரசிக் காய்ப்புக் காய்த்த ஓர் ஆள், கலயத்தோடு நின்றான். ஓலைப் பட்டையை மடித்துப் பதநீர் ஊற்றி என்னிடம் நீட்டினான். "குடிங்க ஐயா. என்னையத் தெரியுதா? அன்னைக்கு எரவல் மட்டை கேட்டேனே, அந்தப் பயதான்" என்று சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

எனக்கு மரியாதை செய்வதற்காகப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார் அத்தான். விதிகளை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். பதினேழாவது வந்ததும் குரல் ஓங்கியது. 'பனை முதலானவற்றின் மட்டை செல்லாது!' பனை ஏறிப் பிழைக்கிறவனின் பிள்ளைகள்!

முன்வரிசையில் ஒரு பொடியன் கையைத் தூக்கினான். "சார், வெள்ளைக்காரன் ஊர்ல பனை உண்டுமா?"

ஒன்பது வருஷம் எவரும் கேட்காத கேள்வி. அத்தான் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் புத்தகத்தைப் பார்த்தது போலவே சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமா? அன்றைக்கே தெரியுமா? தெரிந்தேதான் இத்தனை வருஷமும் ஒவ்வொரு மட்டையாகச் சேர்க்கிறாரா?

"உண்டும்லே. புத்தகத்துல போட்டிருக்கே" என்றார். பிறகு பைய என் பக்கம் திரும்பினார். "அப்படித்தான, மாப்பிளே?"

மூன்றாவது வாசல். இஸ்ரவேல் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகள் என் வாயையே பார்த்தார்கள்.

"ஆமா அத்தான்" என்றேன்.

"கேட்டியளாலே? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் அவர். அவர்கள் மறுபடியும் முதல் விதியிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள்.